அமெரிக்க மாநிலங்கள் கிரிப்டோவுக்கு லைசென்ஸ் கொடுப்பது எப்படி? நியூயார்க் மட்டும் ஏன் தனி ரகம்?

கேள்வி இதுதான். ஜெர்சி சிட்டியில் இருந்தவர் குவீன்ஸுக்கு வீடு மாறியிருக்கிறார். கிரிப்டோ ஆப்பில் முகவரியை மாற்றிய கையோடு, அதுவரை வாங்கிக்கொண்டிருந்த சில காயின்கள் பட்டியலிலிருந்து காணாமல் போய்விட்டன. “ஆற்றைத் தாண்டினால் சட்டம் மாறிவிடுமா? பிட்காயினுக்கு எல்லையே இல்லை என்கிறார்கள், மாநில அரசுக்கு இதில் என்ன வேலை? தமிழ்நாடு அரசும் இப்படி லைசென்ஸ் போட முடியுமா? பேசாமல் பழைய முகவரியையே விட்டிருக்கலாமோ?” என்று கேட்கிறார். பணம் அனுப்பும் நிறுவனங்களின் லைசென்ஸ் வேலையில் பல வருடமாக இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஆற்றைத் தாண்டினால் சட்டம் மாறத்தான் செய்யும். அமெரிக்காவில் லைசென்ஸ் கொடுப்பது காயினுக்கு இல்லை. அடுத்தவர் பணத்தையோ காயினையோ தன் கையில் வாங்கி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு. எந்த மாநிலத்தின் லைசென்ஸ் வேண்டும் என்பதும் நிறுவனத்தின் ஆபீஸ் எங்கே என்று பார்த்து முடிவாவதில்லை. கஸ்டமர் எங்கே இருக்கிறார் என்பதுதான் கணக்கு. நீங்கள் ஹட்சன் ஆற்றைக் கடந்த அன்றே, உங்கள் ஆப்புக்கு உங்கள் விஷயத்தில் மேலதிகாரி மாறிவிட்டார்.

இது பிட்காயினுக்காகப் புதிதாக முளைத்த ஏற்பாடும் இல்லை. வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம், மணியார்டர் விற்கும் மூலைக்கடை எல்லாம் வங்கிகள் கிடையாது. ஆனாலும் வாங்கிய பணம் ஊர் போய்ச் சேரும்வரை அதை வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். நடுவில் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினால் பறிபோவது பெரும்பாலும் குடியேறிய தொழிலாளியின் சம்பளம். அதனால்தான் மாநிலங்கள் ஒவ்வொன்றாக ‘மணி டிரான்ஸ்மிட்டர்’ சட்டம் கொண்டுவந்தன. ஜாமீன் பாண்டு கட்டு, இவ்வளவு சொந்த மூலதனம் காட்டு, கஸ்டமருக்குத் தர வேண்டிய தொகைக்கு ஈடாகப் பாதுகாப்பான சொத்து வைத்திரு, வருடாவருடம் ஆடிட் கொடு, ஆய்வாளர் வந்தால் கணக்கைத் திற என்பவை அதன் சாரம். மொன்டானா மட்டும் நெடுங்காலம் இந்தச் சட்டமே இல்லாமல் இருந்தது.

2013 மார்ச்சில் மத்திய நிதித்துறையின் ஃபின்சென் அமைப்பு ஒரு விளக்கம் வெளியிட்டது. பிட்காயின் போன்றவற்றை மாற்றிக்கொடுக்கும் எக்ஸ்சேஞ்சுகளும் மணி டிரான்ஸ்மிட்டர்களே, எங்களிடம் பதிவு செய்யுங்கள் என்றது. அந்தப் பதிவு பெரிய காரியமில்லை, ஆன்லைனில் படிவம் நிரப்பினால் முடிந்தது. “நாங்கள் ஃபின்சென்னில் பதிவு பெற்றவர்கள்” என்று சில இணையதளங்கள் பெருமையாகப் போட்டுக்கொள்வதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அது லைசென்ஸ் இல்லை, நான் இருக்கிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு வருவது. உண்மையான பிடி மாநிலத்திடம் இருக்கிறது. அந்தப் பிடிக்குப் பல் கொடுப்பதோ மத்தியச் சட்டம். மாநில லைசென்ஸ் தேவைப்படும் இடத்தில் அது இல்லாமல் பணப் பரிமாற்றத் தொழில் நடத்துவது மத்தியக் குற்றவியல் சட்டத்தின் 1960ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் வரை சிறைக்குரிய குற்றம். லைசென்ஸ் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது என்ற சாக்கும் அங்கே எடுபடாது.

நாடு முழுக்கக் கடை போட நினைப்பவர் இதன்படி ஏறக்குறைய ஐம்பது அலுவலகங்களின் படியேற வேண்டும். இப்போது என்எம்எல்எஸ் என்ற பொதுத் தளம் வழியாக விண்ணப்பிக்க முடிகிறது என்பதால் சற்று இலகு. ஆனாலும் ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்கு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளாமல் விடாது.

பழைய சட்டத்தைப் புதுச் சரக்குக்கு எப்படிப் பொருத்துவது என்பதில் ஆளுக்கொரு வழி போனார்கள். டெக்சாஸ் வங்கித்துறை 2014 ஏப்ரலில் 1037ஆம் எண் கொண்ட ஒரு மெமோ போட்டது. கிரிப்டோ எங்கள் சட்டப்படி பணமே இல்லை, ஆகவே இருவர் நேருக்கு நேர் டாலருக்குக் காயின் விற்றால் லைசென்ஸ் வேண்டாம்; நடுவில் ஓர் எக்ஸ்சேஞ்ச் உட்கார்ந்து வாங்குபவரின் டாலரைப் பிடித்து வைத்து, பிறகு விற்பவருக்குக் கொடுத்தால் வேண்டும் என்றது. நல்ல தெளிவு. ஃபுளோரிடாவில் அந்தத் தெளிவு இல்லாததால் விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. மயாமியில் ஒருவர் மாறுவேடப் போலீஸுக்கு ரொக்கத்துக்கு பிட்காயின் விற்று மாட்டினார். பிட்காயின் பணமாகாது என்று 2016இல் விசாரணை நீதிபதி வழக்கைத் தள்ளினார். 2019 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாகத் திருப்பியது.

ஹவாய் கதை இன்னும் வேடிக்கை. கஸ்டமருக்குத் தர வேண்டியதற்கு ஈடாக அனுமதிக்கப்பட்ட சொத்து வைத்திருக்க வேண்டும் என்ற விதியை அந்த மாநிலம் அப்படியே கிரிப்டோ நிறுவனங்கள் மேல் ஏற்றியது. காயின் அனுமதிக்கப்பட்ட சொத்துப் பட்டியலில் இல்லை. கஸ்டமரின் 100 டாலர் பெறுமான பிட்காயின் பெட்டகத்தில் பத்திரமாகவே இருந்தாலும், அதற்கு மேல் நிறுவனம் தன் கைப்பணத்தில் இன்னொரு 100 டாலர் ரொக்கமாகவோ அரசுப் பத்திரமாகவோ ஒதுக்க வேண்டும். காயின் விலை இரட்டித்தால் ஒதுக்கீடும் இரட்டிக்கும். எந்த வியாபாரியும் இதற்குத் தலையாட்ட மாட்டார். 2017இல் காயின்பேஸ் என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச் ஹவாயை விட்டே கிளம்பியது. 2020இல் அந்த மாநிலம் சோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, சில நிறுவனங்களை லைசென்ஸ் இல்லாமலே அனுமதித்துப் பார்த்தது. 2024 ஜூன் முடிவில் அந்தத் திட்டம் நிறைவடைந்தபோது, இனி எங்கள் மணி டிரான்ஸ்மிட்டர் லைசென்ஸே உங்களுக்குத் தேவையில்லை என்று கையைக் கழுவிக்கொண்டது. ஒரே மாநிலம், ஏழு வருடத்தில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு.

இனி உங்கள் நியூயார்க். அங்கே வங்கித்துறையையும் காப்பீட்டுத்துறையையும் ஒன்றாக்கி 2011இல் நிதிச் சேவைகள் துறை என்று ஒன்றை உருவாக்கினார்கள். அதன் முதல் தலைவர் பெஞ்சமின் லாஸ்கி, அரசு வழக்கறிஞராக இருந்து வந்தவர். 2013 ஆகஸ்டில் அவர் 22 பிட்காயின் நிறுவனங்களுக்கும் முதலீட்டாளர்களுக்கும் சம்மன் அனுப்பினார். 2014 ஜனவரி கடைசியில் இரண்டு நாள் பொது விசாரணை நடத்தினார். அதற்கு முந்தின நாள்தான் ஒரு பிட்காயின் நிறுவனத் தலைவர் பணச்சலவைக் குற்றச்சாட்டில் கைதான செய்தி வெளியாகியிருந்தது. அடுத்த மாதமே டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் சுமார் 8.5 லட்சம் பிட்காயினைக் காணோம் என்று சொல்லித் திவாலானது. இந்தச் சூட்டில் எழுதிய விதிகள் எப்படி இருக்கும்? வரைவு 2014 ஜூலையில் வந்தது, ஆயிரக்கணக்கானோர் கருத்து அனுப்பினார்கள், இரண்டு முறை திருத்தினார்கள், 2015 ஜூனில் இறுதி விதி வந்தது. அதைத்தான் எல்லோரும் பிட்லைசென்ஸ் என்கிறார்கள்.

மற்ற மாநிலங்கள் பழைய சட்டையைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தபோது நியூயார்க் கிரிப்டோவுக்கென்றே தனி விதி எழுதியது. ஐந்து வேலைகளில் எதைச் செய்தாலும் லைசென்ஸ் வேண்டும்: பிறர் சார்பாக அனுப்புவது, பிறருக்காக வைத்திருப்பது, வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்வது, மாற்றிக்கொடுப்பது, புதிய நாணயத்தை வெளியிட்டு நிர்வகிப்பது. சாஃப்ட்வேர் மட்டும் எழுதுபவருக்கு வேண்டாம். பிட்காயின் வாங்கிக்கொண்டு பீட்சா விற்கும் கடைக்காரருக்கு வேண்டாம். தன் சேமிப்புக்காக வாங்கும் உங்களுக்கும் வேண்டாம். ‘நியூயார்க்வாசி’ என்பதற்கான வரையறையையும் அகலமாக வைத்தார்கள். குடியிருப்பவர் மட்டுமல்ல, அங்கே இருப்பவர், கடை வைத்திருப்பவர், தொழில் நடத்துபவர் எல்லோரும் அதில் அடக்கம். குடியுரிமைக்கும் விசாவுக்கும் இதில் சம்பந்தமில்லை.

விண்ணப்பக் கட்டணம் 5,000 டாலர். அது தூசு. கூடவே போக வேண்டிய கட்டைப் பார்த்தால்தான் தலை சுற்றும். முக்கிய அதிகாரிகள், பெரிய பங்குதாரர்கள் ஒவ்வொருவருக்கும் வெளி விசாரணை நிறுவனம் எழுதிய பின்னணி அறிக்கை, கைரேகை, போட்டோ. நிறுவனத்தின் வரவு செலவு. வங்கிக் கணக்கு ஏற்பாடு. நிலுவையில் உள்ள வழக்குகள் பற்றிய சத்தியப் பிரமாணம். வரி பாக்கி இல்லை என்ற சான்று. சைபர் பாதுகாப்பு முதல் புகார் கையாளும் முறை வரை ஒவ்வொன்றுக்கும் எழுத்துபூர்வமான கொள்கை. லைசென்ஸ் கிடைத்த பிறகும் பதிவேடுகளை ஏழு வருடம் காக்க வேண்டும். ஒருவர் ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் காயின் பரிமாற்றம் செய்தால், மத்திய அரசுக்கு ஏற்கனவே தகவல் போகாத பட்சத்தில், 24 மணி நேரத்துக்குள் துறைக்குச் சொல்ல வேண்டும். புதிய சேவை தொடங்கவும் பழையதைப் பெரிதாக மாற்றவும் முன் அனுமதி வேண்டும். நிறுவனத்தின் கட்டுப்பாடு கைமாறினால் அதற்கும் வேண்டும்; 10 சதவீத வாக்குரிமைப் பங்கு கைமாறினாலே அப்படித்தான் கருதுவார்கள்.

சின்ன நிறுவனங்கள் ஓடின. 2015 ஜூனிலிருந்து ஆகஸ்டில் கெடு முடிந்த நாட்கள் வரை ஷேப்ஷிஃப்ட், கிராக்கன், பிட்ஃபினெக்ஸ் என்று வரிசையாக நியூயார்க் கஸ்டமர்களைக் கைவிட்டன. கிராக்கன் சின்ன நிறுவனம்கூட இல்லை. முழு விண்ணப்பம் வந்த 90 நாளில் முடிவு சொல்வோம் என்று விதியில் இருக்கிறது. ‘முழு விண்ணப்பம்’ எது என்று முடிவு செய்பவர் துறைக்காரர் என்பதால் அந்த 90 நாள் வருடக்கணக்கில் நீண்டது. முதல் லைசென்ஸ் 2015 செப்டம்பரில் சர்க்கிளுக்கு, அடுத்தது 2016இல் ரிப்பிளுக்கு, அதற்கடுத்தது 2017 ஜனவரியில் காயின்பேஸுக்கு. வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கு. இதை ஒழுங்குமுறை என்று சொல்வதைவிட வாசலில் நந்தி என்று சொல்வதே பொருத்தம்.

இதற்குப் பக்கவாசல் ஒன்றும் இருந்தது. பிட்லைசென்ஸ் வாங்காமல் நியூயார்க் வங்கிச் சட்டத்தின் கீழ், பிறர் சொத்தைப் பொறுப்பில் வைத்துக் காக்கும் டிரஸ்ட் நிறுவனமாகப் பதிவு செய்வது. இப்போது பாக்ஸோஸ் எனப்படும் இட்பிட் 2015 மே மாதத்திலும், விங்கிள்வாஸ் சகோதரர்களின் ஜெமினி அதே வருடம் அக்டோபரிலும் அந்த வழியில் வந்தவை. டிரஸ்ட் சார்ட்டர், அதாவது அந்த அனுமதிப் பத்திரம், கனமானது, ஆனால் அது கையில் இருந்தால் வேறு பல மாநிலங்களிலும் கதவு சுலபமாகத் திறக்கிறது.

நந்தி வேண்டாத வேலைதான் செய்தது என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. 2019 ஏப்ரலில் பிட்ரெக்ஸ் எக்ஸ்சேஞ்சின் விண்ணப்பத்தைத் துறை நிராகரித்தது. அந்த நிறுவனம் 2015இலேயே விண்ணப்பித்துவிட்டு, அந்தத் தைரியத்தில் இடைக்காலமாக நியூயார்க்கில் தொழில் நடத்தி வந்தது. ஆய்வாளர்கள் கணக்குகளை மாதிரிக்கு எடுத்துப் பார்த்தபோது கஸ்டமர் பெயர்களில் ‘எல்விஸ் பிரெஸ்லி’ இருந்தார், ‘டொனால்ட் டக்’ இருந்தார், ‘என் பணத்தைக் கொடு’ என்றே ஒரு கஸ்டமருக்குப் பெயர் இருந்தது. நிராகரிப்புக் கடிதத்தில் இதையெல்லாம் வரிவரியாக எழுதினார்கள். நிறுவனம் மறுத்து அறிக்கை விட்டது. நான்கு வருடம் கழித்து அதன் அமெரிக்கக் கிளை கடையைக் கட்டியது.

ஆனால் பிட்லைசென்ஸில் உயிர்நாடி என்று நான் நினைப்பது கஸ்டடி, அதாவது கஸ்டமரின் காயினைப் பாதுகாத்து வைப்பது பற்றிய பகுதி. கஸ்டமருக்காக எந்தக் காயினை எவ்வளவு வைத்திருக்கிறாயோ, அதே காயினை அதே அளவு முழுதாக வைத்திரு. அதை விற்காதே, கடன் கொடுக்காதே, அடகு வைக்காதே. கஸ்டமர் சொன்னால் மட்டும் தொடு. அவ்வளவுதான் விதி. நம்மூர்க் கணக்கில் சொன்னால், பேங்க் லாக்கரில் வைத்த நகைக்கும் ‘மாதம் இவ்வளவு வட்டி’ என்று ஃபைனான்ஸ்காரரிடம் கொடுத்த பணத்துக்கும் உள்ள வித்தியாசம். லாக்கர் இருக்கும் வங்கி விழுந்தாலும் நகை உங்களுடையது. ஃபைனான்ஸ்காரர் விழுந்தால் கடன்காரர்கள் வரிசையில் நீங்களும் ஒருவர்.

இது ஏட்டளவு பேச்சு இல்லை என்பதை 2022 காட்டியது. நியூ ஜெர்சியின் ஹோபோக்கனில் ஆபீஸ் வைத்திருந்த செல்சியஸ் நிறுவனம் காயினைக் கொடுத்தால் வட்டி தருகிறேன் என்றது. பக்கத்து ஜெர்சி சிட்டியில் பிளாக்ஃபை அதையே செய்தது. இவர்களை முதலில் மறித்தது வாஷிங்டன் இல்லை. 2021 ஜூலையில் நியூ ஜெர்சியின் பங்குப் பத்திரப் பிரிவு, இந்த வட்டிக் கணக்கு பதிவு பெறாத பத்திரம், புதுக் கணக்கு திறக்காதே என்று பிளாக்ஃபைக்கு உத்தரவு போட்டது. அலபாமா, டெக்சாஸ், கென்டக்கி எல்லாம் பின்னால் வந்தன. செப்டம்பரில் செல்சியஸ் மேலும் பாய்ந்தார்கள். மாநிலத்திடம் இரண்டு கம்பு இருக்கிறது என்பதை இங்கே கவனியுங்கள். ஒன்று பணப் பரிமாற்ற லைசென்ஸ், மற்றது பங்குப் பத்திரச் சட்டம். முதலாவது வளைந்துகொடுத்தாலும் இரண்டாவது அடிக்கும். பிளாக்ஃபை 2022 பிப்ரவரியில் மத்திய பங்குச் சந்தை ஆணையமான எஸ்இசிக்கு 5 கோடி டாலரும் மாநிலங்களுக்கு 5 கோடி டாலரும் கட்ட ஒப்புக்கொண்டது. நவம்பரில் திவாலானது.

செல்சியஸ் கதையில் ஒரு நுணுக்கம் உண்டு. மாநிலங்கள் கழுத்தைப் பிடித்ததால் 2022 ஏப்ரலில் அந்த நிறுவனம் சாதாரண அமெரிக்க கஸ்டமர்களுக்கு வட்டி இல்லாத கஸ்டடி கணக்கு என்று ஒன்றைத் தனியாகத் திறந்தது. இரண்டு மாதத்தில் பணம் எடுப்பதை நிறுத்தியது, ஜூலையில் திவால். 2023 ஜனவரியில் திவால் நீதிபதி தீர்ப்பு சொன்னார்: வட்டிக் கணக்கில் இருந்த காயின்கள், சுமார் 6 லட்சம் கணக்குகளில் 420 கோடி டாலர் பெறுமானம், எல்லாம் நிறுவனத்தின் சொத்து. கஸ்டமர் படிக்காமல் ‘ஓகே’ அழுத்திய நிபந்தனைகளில் உரிமை கைமாறுகிறது என்று எழுதியிருந்தது. கஸ்டடி கணக்குக்காரர்களின் நிலைமை வேறு. அதிலும் நேரடியாகக் கஸ்டடியிலேயே காயினைப் போட்டவர்களுக்கு அது அவர்களுடையதே என்று ஏற்கனவே உத்தரவாகியிருந்தது. பலர் திட்டித் தீர்த்த மாநில அதிகாரிகளின் நச்சரிப்பால் முளைத்த கணக்கு அது. இன்னொரு கூத்தும் உண்டு. சில மாநிலங்களில் கஸ்டடி சேவை தரவே செல்சியஸுக்கு அனுமதி இல்லாததால், அங்குள்ளவர்களின் காயின் இரண்டிலும் சேராமல் ‘நிறுத்திவைத்த’ கணக்கு என்று மூன்றாவது ஒன்றில் தொங்கியது.

2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச் விழுந்தபோதும், அதன் அமெரிக்கக் கிளைக்கு நியூயார்க் லைசென்ஸ் இல்லாததால் நியூயார்க்வாசிகளுக்கு அங்கே கணக்குத் திறக்க வழியில்லாமல் இருந்தது. துறைக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். ஆனால் அதே மாதம்தான் ஜெமினியின் ‘எர்ன்’ என்ற வட்டித் திட்டம் முடங்கியது. ஜெமினி நியூயார்க்கின் செல்லப்பிள்ளை, டிரஸ்ட் சார்ட்டர் வாங்கிய நிறுவனம். கஸ்டமர்களின் காயினை ஜெனசிஸ் என்ற வேறு நிறுவனத்துக்குக் கடனாகக் கைமாற்றிவிடும் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கஸ்டமரே சம்மதம் கொடுத்த கடன் என்பதால் கஸ்டடி விதி காப்பாற்றவில்லை. மாட்டியவர்களில் நியூயார்க்கர்கள் மட்டுமே 29,000 பேராவது உண்டு என்றது அரசு வழக்கு. 2024 பிப்ரவரியில் துறை 3.7 கோடி டாலர் அபராதம் போட்டு, குறைந்தது 110 கோடி டாலரைத் திருப்பித் தர ஜெமினியிடம் உறுதி வாங்கியது. அந்த மே மாதம் பெரும்பகுதி காயினாகவே திரும்பி வந்தது. லைசென்ஸ் இருந்ததால் பிடித்து உலுக்க ஓர் ஆள் இருந்தார். அவ்வளவுதான் சொல்லலாம், தடுத்தார் என்று சொல்ல முடியாது.

உங்கள் ஆப்பில் காயின் மறைந்த விஷயத்துக்கு வருகிறேன். நியூயார்க்கில் லைசென்ஸ் பெற்ற நிறுவனம்கூட இஷ்டத்துக்குக் காயினைப் பட்டியலில் சேர்க்க முடியாது. துறை ஒப்புக்கொண்ட பச்சைப் பட்டியல் ஒன்று உண்டு, அதில் இருப்பதைத் தகவல் சொல்லிவிட்டு விற்கலாம். மற்றவற்றுக்கு, ஒரு காயினை எப்படிச் சோதித்துச் சேர்ப்போம், சிக்கல் வந்தால் எப்படி நீக்குவோம் என்ற கொள்கையைத் துறையிடம் கொடுத்து அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும். அல்லது காயின் வாரியாக அனுமதி கேட்க வேண்டும். நிறுவனங்கள் கணக்குப் போட்டு, சின்னக் காயினுக்கு இந்த மெனக்கெடல் வேண்டாம் என்று நியூயார்க்கில் மறைத்துவிடுகின்றன. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இதுதான். நிரந்தரத் தடையாக இருக்க வேண்டியதில்லை, சில காலம் கழித்துத் திரும்பவும் தலைகாட்டலாம்.

இந்த ஒரு மாநிலத்தின் கை எவ்வளவு நீளம் என்பதற்கு 2023 பிப்ரவரி நல்ல உதாரணம். பைனான்ஸ் (Binance) என்ற பெரிய எக்ஸ்சேஞ்சின் பெயரில் ஓடிய பியூஎஸ்டி என்ற ஸ்டேபிள்காயினை, அதாவது ஒரு காயின் ஒரு டாலர் என்று விலை மாறாமல் வைத்திருக்கும் காயினை, வெளியிட்டது பாக்ஸோஸ். பைனான்ஸுடனான உறவை ஒழுங்காகக் கண்காணிக்கவில்லை என்று சொல்லி, இனி ஒன்றுகூடப் புதிதாக வெளியிடாதே என்று நியூயார்க் உத்தரவிட்டது. சுமார் 1,600 கோடி டாலர் புழக்கத்தில் இருந்த காயின், உலகம் முழுக்கக் கைமாறிய காயின், ஒரு மாநிலத் துறையின் கடிதத்தில் தேயத் தொடங்கியது.

எதிர்த்திசையில் போனது வயோமிங். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத மாநிலம். லைசென்ஸ் என்பதைத் தடுப்புச்சுவராக வைக்காமல் வரவேற்புக் கம்பளமாக விரித்தது. 2019இல் கிரிப்டோவுக்கென்றே ஒரு வங்கி வகையைச் சட்டமாக்கினார்கள். வாங்கிய டெபாசிட்டுக்கு நூற்றுக்கு நூறு கையிருப்பு வைக்க வேண்டும், அதைக் கடன் கொடுக்கக் கூடாது. நியூயார்க்கில் லைசென்ஸ் வாங்காமல் வெளியேறிய கிராக்கன் 2020 செப்டம்பரில் இங்கே முதல் வங்கிச் சார்ட்டரை வாங்கியது. அடுத்த மாதம் கெய்ட்லின் லாங் தொடங்கிய, இன்று கஸ்டோடியா எனப்படும் வங்கி. ஆனால் வங்கி என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது, மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வில் மாஸ்டர் அக்கவுண்ட் என்ற நேரடிக் கணக்கு வேண்டும், அது இல்லாவிட்டால் டாலரை நகர்த்த இன்னொரு வங்கியின் தயவு வேண்டும். கஸ்டோடியா கேட்டது, 2023 ஜனவரியில் ரிசர்வ் மறுத்தது, வழக்குப் போட்டது, 2024இல் தோற்றது, 2025 அக்டோபரில் மேல்முறையீட்டிலும் தோற்றது. மாநிலம் வங்கியை உண்டாக்கலாம், டாலர் குழாயில் இணைப்புக் கொடுக்க அதனால் முடியாது. வயோமிங் இதற்கெல்லாம் அசரவில்லை. 2025 ஆகஸ்டில் மாநில அரசே ஃபிரண்ட் என்ற பெயரில் சொந்த ஸ்டேபிள்காயினை அறிமுகப்படுத்தியது.

கலிஃபோர்னியா யோசித்து யோசித்து வந்தது. 2022இல் சட்டமன்றம் அனுப்பிய மசோதாவை ஆளுநர் நியூசம் திருப்பி அனுப்பினார். மறு வருடம் அக்டோபரில் அதே பாணிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2025 ஜூலையில் அமலாக வேண்டியது, 2026 ஜூலை 1க்குத் தள்ளிப்போனது. ஆனால் பிட்காயின் ஏடிஎம் விஷயத்தில் காத்திருக்கவில்லை. பெட்ரோல் பங்க்கிலும் மதுக்கடையிலும் மூலையில் நிற்குமே, அந்தப் பெட்டி. போனில் மோசடிக்காரன் பேசிக்கொண்டே இருக்க, வயதானவர்கள் அதில் நோட்டை ஒவ்வொன்றாக நுழைத்துக்கொண்டிருப்பார்கள். 2024 ஜனவரி முதல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1,000 டாலர்தான் என்று வரம்பு போட்டார்கள். 2025 முதல் கமிஷன் 5 டாலர் அல்லது 15 சதவீதம், இதில் எது கூடுதலோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. 2025 ஜூனில் காயின்மீ நிறுவனத்துக்கு 3 லட்சம் டாலர் அபராதம் விதித்து, அதில் 51,700 டாலரை ஏமாந்த ஒரு முதியவருக்குத் திருப்பிக் கொடுக்க வைத்தார்கள். எனக்குக் கேட்டால், பெரிய லைசென்ஸ் சட்டங்களைவிட சாதாரண ஜனங்களுக்கு உடனடியாக உதவியது இந்தச் சின்ன விதிதான்.

2025 ஜூலையில் வந்த ஜீனியஸ் சட்டம் ஸ்டேபிள்காயின் விஷயத்தில் மட்டும் மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் நடுவில் கோடு கிழித்திருக்கிறது. 1,000 கோடி டாலர் வரை வெளியிடுபவர்கள், மத்திய தரத்துக்கு ஒத்த விதி உள்ள மாநிலத்தின் கீழ் இருந்துகொள்ளலாம். அதைத் தாண்டினால் மத்தியக் கண்காணிப்புக்கு மாற வேண்டும், அல்லது விலக்கு வாங்க வேண்டும். டிசம்பரில் பாக்ஸோஸ், சர்க்கிள், ரிப்பிள் போன்றவை தேசிய டிரஸ்ட் வங்கியாக நிபந்தனையுடன் அனுமதி பெற்றன. நியூயார்க் வளர்த்த பிள்ளைகளே வாஷிங்டன் பக்கம் நகர்கின்றன. ஆனால் சாதாரண வாங்கல் விற்றல் செய்யும் எக்ஸ்சேஞ்சுக்கு மாநில லைசென்ஸை இந்தச் சட்டம் ரத்து செய்துவிடவில்லை.

தமிழ்நாடு இப்படி லைசென்ஸ் போட முடியுமா என்றால், முடியாது. நாணயம், வங்கித்தொழில், பங்குச் சந்தை எல்லாம் அரசியலமைப்பில் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, 2023 மார்ச் முதல் பணச்சலவைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் எக்ஸ்சேஞ்சுகள் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இரண்டுமே டெல்லி போட்டவை. மாநிலத்திடம் உள்ளது வேறு ஆயுதம். டெபாசிட் வாங்கி ஏமாற்றும் நிறுவனங்களின் சொத்தை முடக்கும் 1997ஆம் வருடச் சட்டம். உச்ச நீதிமன்றமும் 2011இல் அதைச் செல்லும் என்றது. காயின் பெயரைச் சொல்லி வட்டி ஆசை காட்டி டெபாசிட் திரட்டுபவர்மேல் அது பாயலாம், ஆனால் அது விபத்துக்குப் பிறகு வரும் ஆம்புலன்ஸ். முன்கூட்டி யார் கடை போடலாம் என்று சொல்லும் அதிகாரம் இல்லை. இந்த இடத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதைக் குறிப்பிட வேண்டும். வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்ச் தளம் ஹேக் ஆன பிறகு கணக்கு முடக்கப்பட்ட ஒருவரின் மனுவில், 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கிரிப்டோ ஒரு சொத்து, அதைப் பிறருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்றார். நியூயார்க்கின் கஸ்டடி விதி எழுதிவைத்துச் சாதிப்பதை, இங்கே ஒரு தீர்ப்பு தொட்டுப் பார்த்திருக்கிறது.

கடைசியாகப் பழைய முகவரி யோசனை. வேண்டாம். கேஒய்சியில் பொய் முகவரி தெரியவந்தால் கணக்கை முடக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு, பூட்டிய பிறகு உங்கள் பக்கம் பேச ஆள் கிடையாது. 2025 பரிவர்த்தனைகளிலிருந்து எக்ஸ்சேஞ்சுகள் விற்பனை விவரத்தை 1099-டிஏ படிவத்தில் வருமான வரித்துறைக்கு அனுப்புகின்றன. அதில் நியூ ஜெர்சி, உங்கள் மாநில வரி ரிட்டர்னில் நியூயார்க் என்று இருந்தால் நீங்களே வம்பை விலைக்கு வாங்கியதாகிவிடும். நியூயார்க்கில் ஆதரவு இல்லாத காயின் ஏற்கனவே கையில் இருந்தால், விற்கவோ சொந்த வாலட்டுக்கு மாற்றவோ அந்த ஆப் என்ன வழி வைத்திருக்கிறது என்று சப்போர்ட்டில் எழுத்தில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். ஆப்பின் சட்டபூர்வமான நிறுவனப் பெயரை, விளம்பரப் பெயரை அல்ல, நியூயார்க் துறையின் தளத்தில் உள்ள லைசென்ஸ் பட்டியலில் தேடிப் பாருங்கள். மற்ற மாநில லைசென்ஸ்களை என்எம்எல்எஸ் கன்ஸ்யூமர் ஆக்சஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ‘எர்ன்’, ‘ஈல்ட்’ என்று எது இருந்தாலும், நிபந்தனைகளில் காயினின் உரிமை யாருக்கு மாறுகிறது என்ற பத்தியைத் தேடிப் படித்துவிட்டு அழுத்துங்கள். பணம் சிக்கினால் ஆப்பின் சாட் பாக்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்காமல், துறையின் இணையதளத்திலேயே நுகர்வோர் புகார் பதியலாம். லைசென்ஸ் உள்ள நிறுவனம் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.